வீட்டுத் தச்சுப் பட்டறையும் மின்கருவிகளின் ஒழுங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் ‘நாளைய மின்தடை’ அறிவிப்பைப் பார்த்துவிட்டு மறுநாள் வேலையைத் திட்டமிடும் வாசகர்களில் நானும் ஒருவன். ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், காட்பாடியில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில் 10 அடிக்கு 16 அடி அளவில் தகரக் கூரை வேய்ந்த ஒரு சிறு தச்சுப் பட்டறை அமைத்து, வீட்டுக்கும் உறவினர்களுக்கும் தேவையான அலமாரி, ஸ்டூல், பூஜை மாடம் போன்றவற்றைச் செய்து வருகிறேன். இப்படி வீட்டிலேயே மரவேலை செய்வோர் நம் பகுதியில் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறார்கள். சத்துவாச்சாரியிலும் விருதம்பட்டிலும் குடியாத்தத்திலும் எனக்குத் தெரிந்தவர்களே பலர் கார் நிறுத்தும் இடத்திலும் மாடிப்படிக்குக் கீழும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த மிஷின் வாங்கலாம்?’ என்பதுதான். அந்த மிஷின் எங்கே நிற்கும், எந்த ஒயரில் ஓடும், அதன் தூள் எங்கே போகும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கருவி வாங்குவதற்கு முன்பே இடத்தை ஒழுங்கு செய்தாக வேண்டும் என்பதை வாசகர்களிடம் அழுத்திச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் முற்பகல், பூஜை மாடத்துக்கான தேக்குச் சட்டத்தை மின்சார இழைப்புளியால், அதாவது எல்லோரும் பிளானர் என்று சொல்லும் கருவியால், இழைத்துக்கொண்டிருந்தேன். நீண்ட சட்டம் என்பதால் விரல் வலிக்காமல் இருக்க, சுவிட்ச் அழுத்தியபடியே நிற்கும்படி பக்கவாட்டில் இருக்கும் பூட்டுப் பொத்தானையும் அழுத்தியிருந்தேன். பாதி இழைப்பில் மின்சாரம் போயிற்று. அன்றைக்கு அறிவிக்கப்பட்ட மின்தடை எதுவும் இல்லை. கருவியை அப்படியே மேசை மேல் வைத்துவிட்டு மோர் குடிக்க வீட்டுக்குள் போனேன். இருபது நிமிடம் கழித்து மின்விசிறி சுழலத் தொடங்கிய அதே நொடியில் பட்டறையிலிருந்து பிளானரின் இரைச்சல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது அது தானாகவே மேசை மேல் நகர்ந்து, குறுக்கே கிடந்த மூலைமட்டத்தின் மரப்பிடியைச் சிதைத்து, விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்று முன்பு வரை என் பேரன் அந்த மேசையடியில்தான் சுருள் சுருளாக விழுந்திருந்த சீவல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

தொழிற்சாலையில் இப்படி நடக்க வழியே இல்லை. அங்கே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஸ்டார்ட்டர் உண்டு. மின்சாரம் நின்றால் அதற்குள் இருக்கும் மின்காந்தச் சுருள் (காயில்) பிடியை விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை ஒருவர் அழுத்தினால்தான் இயந்திரம் ஓடும். நம் ஊர் விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரும் அப்படித்தான் வேலை செய்கிறது. (கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடுவதற்காகச் சிலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தியிருப்பார்கள். வயலில் அது வசதியாக இருக்கலாம். தச்சுப் பட்டறையில் அதற்கு இடமே கிடையாது.) கையில் பிடித்து வேலை செய்யும் சாதாரண மின்கருவிகள் பெரும்பாலானவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் ஒயர்மேனை அழைத்து, கருவிகளுக்கான சாக்கெட்டுகள் அனைத்தையும் ஒரே கான்டாக்டர் (மின்சாரம் நின்றால் தானே துண்டித்துக்கொள்ளும் காந்த சுவிட்ச்) வழியாகக் கொண்டுவரச் செய்தேன். இப்போது மின்சாரம் போய் வந்தால் கதவருகே உள்ள பச்சைப் பொத்தானை நான் அழுத்தும் வரை எந்தச் சாக்கெட்டிலும் மின்சாரம் இருக்காது. அதற்குக் கீழேயே உள்ளங்கையால் அடித்தாலும் நிற்கும்படி பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. இதைச் செய்துகொள்ள இயலாதவர்கள், மின்சாரம் போன கணமே பிளக்கைப் பிடுங்கிவிடுவதை ஒரு கட்டாயப் பழக்கமாகக் கொள்ள வேண்டும்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை இன்னும் பல. ஏழு அங்குல வட்டப் பிளேடு கொண்ட, கையில் பிடித்து ஓட்டும் மின்சார ரம்பம் (இதைத்தான் கை ரம்பம் என்கிறேன்) ஒன்று சுமார் 1,400 வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6 ஆம்பியர். அறுப்பு இறுகும்போது அதற்கும் மேலே போகும். ஓடத் தொடங்கும் அந்த நொடியில் பல மடங்காகும். அதனுடன் தூள் உறிஞ்சும் கருவியும் ஓடினால் இரண்டும் சேர்ந்து வீட்டுக் கூடத்தில் செல்போன் சார்ஜ் செய்யும் 6 ஆம்பியர் சாக்கெட்டின் தாங்குதிறனைக் கடந்துவிடும். அங்கிருந்து ஜங்ஷன் பாக்ஸ் மூலம் ஒயரை இழுத்து வேலை செய்பவர்கள், மாலையில் அந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் அதன் சூடே நிலைமையைச் சொல்லிவிடும். பட்டறைக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், சுமை மீறினால் தானே விழும் எம்சிபி சுவிட்ச் தனியாக ஒன்று, 16 ஆம்பியர் சாக்கெட்டுகள், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்சிசிபி ஆகியவை இருக்க வேண்டும். ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதும் நல்லது. நான் மாதத்தின் முதல் ஞாயிறன்று அதைச் செய்கிறேன். ஒயரைச் சுருளாகச் சுற்றி வைத்தபடியே கனமான கருவியை ஓட்டினால் சுருளின் உள்ளே சூடு தேங்கி மேலுறை உருகும். எனவே தேவையான நீளம் எதுவாக இருந்தாலும் முழுவதையும் விரித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

விளக்குகளுக்கான லைன் கருவிகளின் லைனிலிருந்து பிரிந்தே இருக்க வேண்டும் என்பதை ஒயர்மேன்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பலகைக்குள் பிளேடு இறுகி எம்சிபி விழும்போது விளக்கும் சேர்ந்து அணைந்துவிட்டால், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் பிளேடுக்கு முன்னால் இருட்டில் நிற்க வேண்டிவரும். பழைய சோக் வைத்த குழல் விளக்கு ஒன்றை மட்டும் நம்புவதும் சரியல்ல. அது நொடிக்கு 100 முறை மினுங்குவதால், சுழலும் பிளேடு சில வேகங்களில் நின்றுவிட்டது போலவே கண்ணுக்குத் தோன்றும். நல்ல எல்இடி விளக்குகள் இரண்டை, தலைக்குப் பின்னால் ஒன்றும் மேசைக்கு நேர் மேலே ஒன்றுமாக வைத்தால் நம் நிழல் வேலை மேல் விழுவதும் குறையும். சாக்கெட்டுகளைத் தரையோரம் வைக்காமல் மேசை மட்டத்துக்கு மேலே, சுமார் மூன்றரை அடி உயரத்தில் வைக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையின்போது எங்கள் பின்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. என் சாக்கெட்டுகள் தரையோரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். மூன்று முள் பிளக் இல்லாத கருவி போலி என்று கருதி, கடையில் அதை வாங்க மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியின் பெயர்த்தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிடப்பட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உடைய கருவி. அதற்கு எர்த் தேவையில்லை, இரண்டு முள்ளே போதும். ஆனால் இரும்பு உடல் கொண்ட டேபிள் சா (மேசையோடு பொருத்திய வட்ட ரம்பம்), சாணைக்கல் மோட்டார் போன்றவற்றுக்கு எர்த் இல்லாமல் மின்சாரம் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. மூன்றாவது முள்ளை உடைத்து எடுத்துவிட்டு இரண்டு துளை சாக்கெட்டில் செருகும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருப்பதைக் கண்டு மிகவும் வருந்துகிறேன்.

அடுத்து இடத்தின் அமைப்பு. பெரிய பட்டறைகளின் படங்களைப் பார்த்துவிட்டு அறையின் நடுவில் டேபிள் சா வைக்க விரும்புகிறார்கள். 8 அடி பலகையை அதில் நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால் பிளேடுக்கு முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியும் வெறுமையாக இருக்க வேண்டும். 16 அடி நீள அறையில் அது சுவருக்குச் சுவர் சரியாகப் போய்விடும், ஆள் நிற்க இடம் இராது. 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அதைத் தனி ஆளாகத் தூக்கிச் சிறு மேசையில் சாய்த்து அறுப்பதில்தான் பாதி விபத்துகளின் விதை இருக்கிறது. நான் அந்த ஷீட்டை உள்ளே கொண்டு வருவதே இல்லை. வாசலில் நான்கு ரீப்பர் கட்டைகளைத் தரையில் பரப்பி, அதன் மேல் ஷீட்டைக் கிடத்தி, நேர்ப்பலகை ஒன்றைக் கவ்வி மூலம் இறுக்கி, அதையொட்டிக் கை ரம்பத்தை ஓட்டி, வேண்டிய அளவைவிடக் கால் அங்குலம் கூட்டித் துண்டுகளாக்கிய பிறகே உள்ளே எடுத்துச் செல்கிறேன். மரம் கதவு வழியாக வந்து அறுப்பு, இழைப்பு, இணைப்பு என்று ஒரே திசையில் நகர்ந்து, பாலிஷ் போட மீண்டும் வெளியே போகும்படி மேசைகளை வைத்தால் 160 சதுர அடியே தாராளமாக இருக்கும். டேபிள் சா, அதன் பின்னால் பலகையைத் தாங்கும் மேசை, இணைப்பு வேலைக்கான மேசை ஆகிய மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றுக்குத் தாங்கியாகும். சக்கரம் பொருத்தினால் பூட்டுள்ள சக்கரமே பொருத்த வேண்டும். மரங்களைத் தரையில் போடாமல் சுவரில் தாங்கிகள் அடித்து அடுக்க வேண்டும். செம்மண் தரைக் கொட்டகையில் கிடக்கும் பலகைக்கு கரையான் வர ஒரு மழைக்காலம் போதும்.

இனி, என்னை இக்கடிதம் எழுதத் தூண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டறைகளில் ஏஜி4 என்று அழைக்கப்படும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் இன்று பல வீடுகளில் முதல் மின்கருவியாக நுழைகிறது. விலை குறைவு, இரும்பு அறுக்கலாம், டைல்ஸ் அறுக்கலாம் என்று வாங்குகிறார்கள். பிறகு பல் வைத்த மரப் பிளேடு ஒன்றை வாங்கி, அது உள்ளே பொருந்தவில்லை என்பதற்காகப் பிளேடை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு, அதையே மர ரம்பமாகப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கருவி நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுழலக்கூடியது. 100 மி.மீ. விட்டமுள்ள பிளேடின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. காட்பாடி வழியாகச் செல்லும் வந்தே பாரத் ரயில்கூட அந்த வேகத்தில் ஓடுவதில்லை. மரத்தை அறுக்கவென்றே செய்யப்பட்ட கை ரம்பத்தில் பலகை மேல் படிந்து ஓடும் தட்டு உண்டு, ஆழத்தை அளந்து நிறுத்தும் பூட்டு உண்டு, பலகையை விட்டு எடுத்ததும் தானே இறங்கி மூடிக்கொள்ளும் கீழ்மூடி உண்டு. கிரைண்டரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மரத்தின் நாரில் ஒரு பல் சிக்கினால் பிளேடு மரத்தை அறுப்பதற்குப் பதிலாக மரத்தின் மேல் ஏறி ஓடத் தொடங்கும். கருவி கையிலிருந்து திமிறி, பிடித்திருப்பவரின் மறு கைக்கோ தொடைக்கோ கழுத்துக்கோ பாயும். அதைத் தடுக்கும் அளவுக்கு வேகமாக நம் உடலால் அசைய முடியாது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் இளைஞர், தன் குழந்தைக்குத் தொட்டில் கட்டை செய்வதற்காக இப்படி ஒரு வேப்பங்கட்டையை அறுக்கும்போது இடது கையின் இரண்டு விரல்களில் நரம்பு அறுபட்டார். அறுவை சிகிச்சை முடிந்து மாதங்கள் பல ஆகியும் அந்த விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. அவருடைய பட்டறையைப் பிறகு சென்று பார்த்தேன். வாசல் படியை மேசையாகவும் கால் பாதத்தைக் கவ்வியாகவும் வைத்து வேலை செய்திருந்தார். கழற்றப்பட்ட மூடி, கருவி வந்த அட்டைப் பெட்டிக்குள் புதிது போலவே இருந்தது. ஒரு நல்ல மேசையும் இரண்டு கவ்விகளும் வாங்கும் செலவு, அந்தக் கிரைண்டரின் விலையை மீறியிருக்காது. கிரைண்டரை இரும்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மூடியைக் கழற்றாதீர்கள், மரத்துக்கு ஜிக்சாவோ (மேலும் கீழும் ஓடும் மெல்லிய பிளேடு கொண்ட மின் ரம்பம்) கை ரம்பமோ வாங்கும் வரை கையால் இழுக்கும் ரம்பத்தையே பயன்படுத்துங்கள் என்று வாசகர்களை மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஹார்டுவேர் கடைக்காரர்களும் மரப் பிளேடு கேட்டு வருபவரிடம் அதை எந்தக் கருவியில் பொருத்தப்போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தால் பல கைகள் தப்பும். பிளேடின் மேல் அதன் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். அது கருவியின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பிளேடை அந்தக் கருவியில் போடவே கூடாது.

கருவிகளை அடுக்கி வைப்பதிலும் பாதுகாப்பு இருக்கிறது என்பதை தொழிற்சாலையில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பிரிவில் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் அதன் இடத்தில் சுற்றி வரைந்து மஞ்சள் பெயிண்ட் அடித்திருப்பார்கள். மாலையில் ஷிப்டு முடியும்போது மஞ்சள் உருவம் எங்கே வெறுமையாகத் தெரிகிறதோ அந்த ஸ்பேனர் ஏதோ ஓர் இயந்திரத்துக்குள் மறந்து விடப்பட்டிருக்கிறது என்று பொருள். அது கிடைக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. என் பட்டறையில் 18 மி.மீ. பிளைவுட்டில் அதே போன்ற பலகை வைத்திருக்கிறேன். உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம், அரம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் உருவம் உண்டு. பேரனுக்கு அந்தப் பலகைதான் கருவிகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தது. எது காணவில்லை என்று என்னைவிட முன்பாக அவன்தான் சொல்கிறான்.

கனமான மின்கருவிகளுக்கு ஆணி அடித்த கொக்கி போதாது. நான்கு அங்குல அகலப் பலகைப் பட்டையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சாய்வு சுவர்ப்பக்கம் இறங்கும்படி சுவரில் திருகி, மறு பாதியைக் கருவி வைக்கும் பெட்டியின் முதுகில் தலைகீழாகத் திருகினால் ஒன்றன் மேல் ஒன்று கவ்விக்கொண்டு நிற்கும். எடை கூடக் கூடப் பிடியும் இறுகும். வேண்டும்போது பெட்டியைத் தூக்கி வேறு இடத்தில் மாட்டலாம். அடிக்கடி எடுப்பவற்றை முழங்கால் உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் இடையில் வைக்க வேண்டும். டிரில்லிங் மிஷினில் துளையிடும் பிட்டை இறுக்கும் சக் சாவியை அதன் ஒயரில் பிளக்குக்கு அருகிலேயே கட்டி வைப்பது நல்ல பழக்கம். பிட் மாற்ற வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்கினால்தான் சாவி எட்டும். ரம்பத்தின் பிளேடு கழற்றும் சாவியையும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

மரத்தில் விளிம்பு செதுக்கவும் பள்ளம் எடுக்கவும் உதவும் டிரிம்மர், ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. கால் அங்குலத் தண்டு என்பது 6.35 மி.மீ.; 6 மி.மீ. தண்டு உள்ள பிட்டுகளும் அதே கடையில் அதே நிறப் பெட்டியில் கிடைக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கருவியில் பிட்டைப் பிடிக்கும் கால் அங்குலக் கவ்வியில் 6 மி.மீ. தண்டை இறுக்கினால் இறுகியது போலத் தோன்றி, ஓடும்போது நழுவிக் கீழே இறங்கும் அல்லது தெறித்து வெளியே வரும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாமல் வேறு வேறு கட்டையில் துளையிட்டு நிறுத்தி, மேலே அளவை எழுதி வையுங்கள். திருகாணிகளுக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களின் மூடிகளை அலமாரியின் அடிப்புறத்தில் திருகி, பாட்டிலைக் கீழிருந்து சுழற்றி மாட்டும் நம் அப்பா காலத்து முறையே இன்றும் சிறந்தது. கருவிகளின் பில், கையேடு, கார்பன் பிரஷ் மாற்றிய தேதி ஆகியவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மரத்தூளைப் பற்றி நம்மவர்கள் கவலைப்படுவதே இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 1995-இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்புறத்திலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் அந்நோய் வருகிறது. கீழே விழும் சீவலாலும் கனத்த தூளாலும் அல்ல, உப்புத்தாள் தேய்க்கும்போது வெயில் கற்றையில் மிதந்து தெரியும் அந்த நுண்தூளால்தான் கேடு. மேலே மின்விசிறியைச் சுழலவிட்டு அதை அறை முழுதும் கிளப்புவதைவிட, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறியைப் பொருத்தி எதிர்க் கதவைத் திறந்து வைப்பது மேல். தூள் உறிஞ்சும் கருவிக்கும் ரம்பத்துக்கும் இடையில் மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை, காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சுழல்காற்றுக் கூம்புடன் வைத்தால் பெரும்பகுதித் தூள் வாளியிலேயே தங்கிவிடும், வடிகட்டி அடைக்காது. இவை இருந்தாலும் என்-95 முகக்கவசம் அவசியம். முகத்தில் கட்டிய கைக்குட்டை இதற்கு உதவாது.

அதே தூள் தீக்கும் உணவு. இரும்பு கிரைண்டரின் பொறி மரத்தூள் குவியலில் விழுந்தால் உடனே எரியாது. உள்ளுக்குள் கனன்று, நாம் கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு இரவில் பற்றும். எனவே கேட் வெல்டிங்கும் மரவேலையும் ஒரே மூலையில் நடக்கக் கூடாது. லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் வெளியிலிருந்து நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றக்கூடும். அதை விரித்துக் கொடியில் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். தின்னரும் பிரெஞ்சு பாலிஷுக்கான ஸ்பிரிட்டும் பட்டறைக்குள் இருக்கவே வேண்டாம். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்றைக் கதவருகே மாட்டுங்கள். உள் மூலையில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

வேலூர் வெயிலுக்கென்று ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பகலில் நிற்கவே முடியாது. பேட்டரிக் கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம் என்கின்றன. நம் ஊரின் மே மாத நிழலே பல நாள் அதைத் தாண்டிவிடும். பேட்டரிகளை வீட்டுக்குள் வைத்து, இரவில் அருகிலிருந்து சார்ஜ் செய்யுங்கள். (ஒரு நிறுவனம் 18 வோல்ட் என்றும் இன்னொன்று 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஐந்து செல்களின் சராசரி அழுத்தத்தைச் சொன்னால் 18, முழுச் சார்ஜில் உள்ள உச்சத்தைச் சொன்னால் 20; பேட்டரி ஒன்றுதான்.)

லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, மணிக்கட்டில் கோயில் கயிறோடு வேலை செய்வது நம் வீட்டு வழக்கம். சுழலும் கருவி அருகில் மூன்றும் ஆபத்து. கையுறையும் அப்படியே, அதைப் பாதுகாப்பு என்று நினைத்து அணிகிறார்கள், ஆனால் பிளேடு கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் போதும். காதைச் சொல்லும்போது பக்கத்து வீட்டாரின் காதையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு கை ரம்பத்தின் ஓசை அருகில் நிற்பவருக்கு 100 டெசிபலைத் தொடும். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் நான் மின்கருவிகளை நிறுத்திவிட்டு, கையால் செய்யும் உளி வேலைகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அரசுகள் கருவி வாங்க உதவுவது மகிழ்ச்சிக்குரியது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் தச்சுத் தொழில் உட்பட 18 தொழில்களுக்குக் கருவிப்பெட்டி வாங்க 15,000 ரூபாய் என்று வகுத்தது. தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 சதவீத மானியமும் உண்டு. இவற்றின் பயனாக மின்கருவி வாங்குவோர் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறையில்தான் அதை ஓட்டப்போகிறார்கள். முன்பு ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்திருக்கும் மாவட்டங்களின் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், மாதம் ஒரு சனிக்கிழமையாவது தங்கள் பட்டறையைத் திறந்து, வீட்டில் மரவேலை செய்வோருக்கு ஸ்டார்ட்டர், எர்த், மூடி, கவ்வி ஆகிய நான்கையும் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை, ஓய்வு பெற்ற என் போன்றோர் பலர் சம்பளமின்றி வந்து கற்றுத்தரத் தயாராக இருக்கிறோம்.

தங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள் உண்டு. ‘நாளைய மின்தடை’ அறிவிப்பு வெளியாகும் கட்டத்தின் அடியில், இடம் இருக்கும் நாட்களிலாவது, ‘மின்சாரம் நின்றவுடன் மின்கருவிகளின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்’ என்ற ஒரு வரியைச் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டத்தைக் கத்தரித்துத் தன் பட்டறைச் சுவரில் ஒட்டி வைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்புத் தொழிலாளர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.